மூடிக்கொண்டே இருந்தவர்

கொல்லிமலை அடிவாரத்தில், பஸ் வந்து திரும்புகிற இடத்தையும் தாண்டி, ஒரு தியான இல்லம் இருந்தது. பன்னிரண்டு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் குரு வடிவாம்பாள். வயது நாற்பதுதான். எல்லோரும் அவரை அம்மா என்பார்கள். அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்த அருணகிரியும் அப்படித்தான் அழைப்பார்.

அருணகிரி தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இல்லத்துக்கு வருகிற கடிதங்களைப் படிப்பதும் பதில் போடுவதும் அவர் பொறுப்பு. ஆபீஸ் அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரும் அவர் கையில்தான். மலை மறைப்பதால் அங்கே செல்போனுக்கு டவர் கிடைக்காது. அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்த கேபிள் ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி.

சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டவள் பாவாயி. அவள் வீட்டுக்காரர் செங்கோடன் லாரி டிரைவர். புதன்கிழமை நாகப்பூர் பக்கம் லாரி கவிழ்ந்து அவருக்கு முதுகெலும்பில் அடி.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தது. அங்கே இருந்த தமிழ் நர்ஸ் ஒருத்தி எழுதியிருந்தாள். மூன்றரைக்கு ஆபரேஷன். மூன்று மணியிலிருந்து மூன்றேகால் வரை வீடியோவில் பேசலாம். கீழே உள்ள லிங்கைத் திறக்கவும்.

பாவாயி கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தாள்.

"மூஞ்சி தெரியுங்களா ஐயா?"

"தெரியும். உட்காரு."

அருணகிரி லிங்கை அழுத்தினார். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'உங்கள் பிரவுசர் மிகப் பழையது. புதிய பதிப்பில் மட்டுமே இந்தப் பக்கம் திறக்கும்.'

இன்னொரு தடவை அழுத்தினார். அதே வரி.

அவர் மூன்றாவது முறை முயல்வதற்குள் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி குதித்தது. அதற்குள் ஒருவன் மெத்தையின் மேல் நின்று ஆடினான். ஸ்பீக்கர் அலறியது. அருணகிரி அந்தப் பெட்டியின் பெருக்கல் குறியைத் தேடி அழுத்தினார். மெத்தைக்காரன் போனான். அந்த இடத்தில் ஒரு பெண் வந்து முகத்தில் எதையோ பூசிக்கொண்டாள். அவளையும் மூடினார். உருளைக்கிழங்கு வறுக்கிற வீடியோ வந்தது. அதன் பெருக்கல் குறி தினையளவு இருந்தது. குறி தவறி வேறெங்கோ அழுத்திவிட்டார். புதுப் பக்கங்கள் மூன்று திறந்துகொண்டன.

"என்னுங்க ஐயா இது?"

"ஒண்ணுமில்ல. விளம்பரம். மூடிடறேன்."

மூடினார். லிங்கை அழுத்தினார். வெள்ளைத் திரை வந்தது. மூலையில் பெட்டி வந்தது. மூடினார். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். அது எழுந்து வரவே ஆறு நிமிஷம் ஆனது. எழுந்ததும் முதலில் வந்தது மெத்தைக்காரன்தான்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். பாவாயி விரலில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்காமல் இருந்ததுதான் அவரை இன்னும் பதற வைத்தது.

இரண்டு நாற்பதுக்குச் சத்தம் கேட்டு வடிவாம்பாள் உள்ளே வந்தார். பாவாயி எழுந்தாள். இருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு அருணகிரியின் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, இதை எப்படி மூடறது? மூடறேன், மூடறேன், வந்துகிட்டே இருக்கு."

வடிவாம்பாள் மவுஸைத் தொட்டதே இல்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாவாயி வீட்டுக்காரர் இதுலயா வருவார்?"

"இல்லம்மா. அவர் லிங்குல வருவார்."

"அது ஏன் திறக்கல?"

"பிரவுசர் பழசாம். புதுசு போடச் சொல்லுது."

"போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"நம்ம லைனுக்கு அரை மணி ஆகும். அதுக்கெல்லாம் நேரமில்லம்மா."

"எப்ப உட்கார்ந்தீங்க?"

அருணகிரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்குக் கேட்டது. பாவாயியின் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை.

"இப்ப ஆரம்பிங்க," என்றார் வடிவாம்பாள்.

"முடியறதுக்குள்ள அங்க நேரம் முடிஞ்சிட்டா?"

"ஆரம்பிங்க ஐயா."

ஆரம்பித்தார். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் என்று பக்கத்தில் காட்டியது. உடனே மூலையில் மெத்தைக்காரன் குதித்தான். அருணகிரியின் கை தானாக மவுஸுக்குப் போனது. மூடினார். முகம் பூசுகிறவள் வந்தாள். இருபத்தெட்டு முப்பத்தொன்று ஆனது.

"எப்படிக் கூடுச்சு?"

"ஒவ்வொரு புது வீடியோவும் லைனைப் பிடிச்சுக்குதும்மா."

வடிவாம்பாள் கை நீட்டி ஸ்பீக்கரின் பட்டனைத் திருகினார். சத்தம் நின்றது.

"அது ஆடட்டும்."

"கண்ணு முன்னாடி ஆடுதேம்மா!"

"ஆடட்டும். கையை எடுங்க."

அவர் கையை எடுத்துத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பையன்போல அப்படி உட்கார்ந்திருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியே விட்டால் கை போய்விடும். திரையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் வாயசைத்துச் சிரித்து, கன்னத்தைத் தட்டிக் காட்டினாள். இரண்டு நிமிஷத்தில் வீடியோ ஓடி முடிந்தது. அவள் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுபோனாள். அதன் பிறகு வேறு எதுவும் வரவில்லை.

பச்சைக் கோடு நகர்ந்தது.

வடிவாம்பாள் பாவாயியின் அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன பேசப்போற அவர்கிட்ட?"

"ஒண்ணுந் தோணலீங்கம்மா. முந்தாநாள் கெளம்பறப்ப சண்டை. டப்பாவுல சோறு கட்டிக் குடுத்தேன், வேண்டாம்னு வெச்சுட்டுப் போயிட்டாரு. போனவரை நானும் திரும்பக் கூப்புடலை."

"ம்."

"கால் நடக்குமானு கேட்டா பயந்துக்குவாருங்க. அதைக் கேக்கமாட்டேன்."

மூன்று மணி ஆனது. கோடு முக்கால் தூரம்தான் வந்திருந்தது. நாகப்பூரில் ஒரு கட்டிலின் பக்கத்தில் யாரோ ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், செங்கோடன் வெறும் திரையைப் பார்ப்பதும் அருணகிரியின் மனக்கண்ணில் ஓடியது. பொண்டாட்டிக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதானே அந்த மனுஷன் நினைப்பான்? மூன்று ஐந்து. மூன்று எட்டு. அவர் வாய்விட்டு, "ஐயோ, ஐயோ" என்றார். வடிவாம்பாள் அவரை ஒரு தடவை பார்த்தார். அருணகிரியின் கை தொடையின் கீழேயே இருந்தது.

மூன்று பத்துக்குப் புதிய பிரவுசர் திறந்தது. லிங்கை அழுத்தினார்.

மூன்று பதினொன்றுக்குச் செங்கோடன் வந்தார். கழுத்தில் பட்டை. ஒரு கண் வீங்கியிருந்தது. அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்து பாவாயியை அதில் உட்கார வைத்தார்.

"வந்துட்டியா?" என்றார் செங்கோடன். "கோவமா இருப்பியோன்னு நெனச்சேன்."

"கோவந்தான். ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"அந்தச் சோத்தை என்ன பண்ணுன?"

"நானே தின்னுட்டேன்."

செங்கோடன் சிரிக்கப் பார்த்தார். வலியில் முகம் சுளித்தது. இருவரும் பிறகு பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றேகாலுக்கு நர்ஸின் கை குறுக்கே வந்தது. திரை இருண்டது.

அருணகிரி சுவரோரம் நின்று, "பதினோரு நிமிஷத்தை நான் தின்னுட்டேன் பாவாயி," என்றார்.

"நாலு நிமிஷம் போதுங்க ஐயா. இன்னுங் கொஞ்சம் இருந்திருந்தா அழுதுருப்பேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

ஆறரை மணிக்கு அடுத்த மெயில் வந்தது. ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்துவிட்டார். வலது கால் விரலை அசைக்கிறார். இடது காலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. அருணகிரி அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். பாவாயி மறுநாளே புறப்படுகிறேன் என்றாள். அவளுக்கு ரயில் பார்க்க அவர் உட்கார்ந்தார். வடிவாம்பாளும் வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, புதுசு போட அரை மணிதான். அது ஆறு மாசமா என்னைக் கேட்டுகிட்டே இருந்தது. நான் 'பிறகு', 'பிறகு'ன்னு அழுத்திட்டே இருந்தேன்."

வடிவாம்பாள் தலையசைத்தார்.

"அது என் சோம்பேறித்தனம். ஒத்துக்கறேன். ஆனா அந்த மெத்தைக்காரன், அந்தப் பொம்பளை, இவங்களையெல்லாம் நான் கூப்பிடவே இல்லையே. எங்கிருந்து வந்தாங்க?"

"எனக்குத் தெரியாது ஐயா."

அருணகிரி ரயில் நேரம் காட்டுகிற ஒரு பக்கத்தைத் திறந்தார். உடனே நடுவில் ஒரு சிறிய கட்டம் வந்து நின்றது. அவர் விரல் பழக்கத்தில் அதன் மேல் போனது.

"இருங்க. என்ன எழுதியிருக்கு?"

அருணகிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "இந்தத் தளம் உங்களுக்கு வீடியோக்களும் அறிவிப்புகளும் அனுப்ப அனுமதி கேட்கிறது. கீழே 'சரி'. பக்கத்துல 'வேண்டாம்'."

"இது முன்னாடி வந்திருக்கா?"

"பழசுல தினமும் வரும்மா. எதைத் திறந்தாலும் வரும்."

"என்ன பண்ணுவீங்க?"

"'சரி'ன்னு அழுத்திடுவேன்."

"படிச்சுட்டா?"

"இல்லம்மா. தொந்தரவு. 'சரி'ன்னா உடனே போயிடும். அதுக்காக."

வடிவாம்பாள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"எங்க போச்சு ஐயா?"