தவளைகள் வாயை மூடிய மாலை

ஒரு ஊரில் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் ஜெபக்கனி ஒரு தியான இல்லம் கட்டினாள். பனையோலைக் கூரை, உட்காரக் கோரைப்பாய், மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு. அந்த மண்ணுக்கு உரியது எதையும் விட்டுவிடக் கூடாது என்பது அவள் ஆசை. வாசலில் நட்ட பலகை மட்டும் டவுனில் எழுதி வாங்கியது. 'அமைதி காக்கவும்' என்று அதன் நெற்றியில் இருந்தது.

முதல் மௌன தியானத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். இவர்கள் மனசு நிறைந்து போனால்தான் அடுத்த வேன் வரும். இல்லையென்றால் இல்லத்துக்குப் பூட்டுதான். அந்த நேரம் பார்த்து மழையும் பெய்து, குட்டையில் தவளைக் கச்சேரியும் தொடங்கிற்று.

"ஏய், வாயை மூடுங்க! எம் மூஞ்சில என்ன எழுதியிருக்குன்னு தெரியலையா?" என்று கத்தியது பலகை.

"எங்களுக்கு எழுத்து தெரியாதுங்க, பலகை ஐயா," என்றது குண்டுத் தவளை. "நீங்க படிங்க, நாங்க பின்னாலயே பாடுதோம்."

குட்டையே குலுங்கிச் சிரித்தது.

"கனி, சிரிக்குதுவ பாரு! மண்ணைக் கொட்டித் தூத்துரு. தொல்லை தீந்துது," என்றது பலகை.

பதறிப்போயிருந்தவளுக்கு அது சரியாகவே பட்டது. ஒரு டிராக்டர் மண்ணுக்குச் சொல்லிவிட்டு வந்து குட்டையோரம் குந்தினாள். "காலையில மண்ணு வருது. சாயந்தரம் ஜெபம் முடியுத வரைக்கும் சத்தம் போடாம இருந்தீங்கன்னா வேண்டாம்னு சொல்லிருதேன்."

"மழை பெஞ்ச அன்னைக்கா?" குண்டுத் தவளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "யக்கா, இன்னைக்குக் கத்தலைன்னா எங்களுக்கு எப்பக்கா கல்யாணம் ஆகும்?"

"குட்டை இருந்தாத்தான கல்யாணம்! வாயை மூடு."

சாயந்தரம் ஆட்கள் கண்ணை மூடினார்கள். தவளைகள் வாயை மூடின. கன்னமெல்லாம் பலூனாக உப்பிற்று. ஒரு தவளைக்கு விக்கல் வந்தது. பக்கத்திலிருந்த இரண்டு சேர்ந்து அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தன.

ஒரு சத்தமும் இல்லை. பலகை பெருமையில் நிமிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் தேவஇரக்கம் அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். வயல்காட்டிலேயே வளர்ந்தவர். பக்கத்தில் இருந்த எஸ்தர் டீச்சரிடம் மெல்லச் சொன்னார்: "கத்திக்கிட்டு இருந்த தவளைங்க பொசுக்குன்னு நின்னுட்டுதே."

"நின்னா நல்லதுதான அண்ணாச்சி?"

"பாம்பு வந்தா அப்படித்தான் நிக்கும், டீச்சர்."

டீச்சர் பாயில் இல்லை. ஜன்னல் கட்டைமேல் இருந்தார். "பாம்பு!" என்று அவர் வைத்த கூச்சலில் மௌன தியானம் மீன் சந்தை ஆயிற்று. ஒருவர் பாயைத் தலையில் சுற்றிக்கொண்டார். ஒருவர் சோற்றுப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். "அமைதி! அமைதி!" என்று தொண்டை கிழியக் கத்திய பலகையை யாரோ பிடுங்கி, பாம்பு அடிக்க ஓங்கிக்கொண்டு நின்றார்.

ஜெபக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டைக்கு ஓடினாள்.

"கத்துங்கப்பா! உங்களைக் கும்பிடுதேன், கத்துங்க!"

குண்டுத் தவளை வாயைத் திறக்காமல், மண் கொட்டும் டிராக்டர் போல முன்காலைக் கவிழ்த்துக் காட்டிக் கேள்வியாகப் பார்த்தது.

"குட்டைக்குள்ள ஒரு கூடை மண்ணு விழாது. கத்து ராசா!"

கத்தின பாருங்கள், கூரை ஓலை அதிர்ந்தது! உள்ளே ஒவ்வொருவராக இறங்கி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அதன்பிறகு ஒருவரும் அசையவில்லை.

காலையில் டிராக்டர் வந்தது. "குட்டையில எந்தப் பக்கம் தட்டணும்?" என்றார் டிரைவர்.

"குட்டைக்குப் போற பாதையில தட்டுங்க, வழியெல்லாம் சேறு," என்றாள் ஜெபக்கனி. "கரையில உட்காந்துதான் ஜெபம் பண்ணுவோம்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நிக்காங்க."