பால் ஊற்ற வராதவர்கள்

"நான் ஒரு ஆளையும் விடலைங்க, டாக்டரம்மா. எல்லாரையும் கேட்டுத்தான் எழுதினேன்" என்றேன்.

டாக்டர் நிலோஃபர் செத்த கன்றின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் தோல் உரிந்து தொங்கியது.

"கோமாரிதான்" என்றார். மாட்டுக்கு மாடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்புண் நோய்.

கன்று பழனாத்தாளுடையது. அவள் அங்கே இல்லை. அவளைப் பால் சொசைட்டிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அன்று காலையோடு ஊரில் ஒன்பது கட்டுத்தறிகளில் மாடுகள் நுரை தள்ளி நின்றன.

என் வேலை இதுதான். ஊர் ஊராகப் போக வேண்டும். மாட்டுக்கு நோய் உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். உண்டு என்றால் சுற்றியுள்ள மாடுகளுக்கெல்லாம் உடனே ஊசி.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேலையைக் கொடுத்தவரும் டாக்டர்தான். பதினைந்து நாள் முன்னால் இந்த ஊருக்கு 'நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருந்துப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

"வீடு வீடாப் போனியா?"

"எதுக்குங்க? வீட்டுக்குப் போனா பாதிப் பேர் காட்டுல இருப்பாங்க. காலையில சொசைட்டியில எல்லாரும் கேனோட வரிசையில நிக்கிறாங்க. மூணு நாள் நின்னு கேட்டேன். நாப்பத்தொரு பேர். ஒருத்தர் மாட்டுக்கும் ஒண்ணுமில்லை."

எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு வாரத்து வேலையை மூன்று நாளில் முடித்தவன் நான்.

அவர் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கையைக் கழுவினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நாப்பத்தொரு பேரையும் எழுது."

நோட்டைப் பார்த்து எழுதினேன்.

தாளை வாங்கினார். படிக்கவில்லை. வெற்றுப் பக்கம் மேலே வருகிற மாதிரி திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"இந்தப் பக்கமும் எழுது."

"இந்தப் பக்கம் யாருங்க?"

"வரிசையில நிக்காதவங்க."

எனக்கு ஒரு பெயர்தான் தெரிந்தது. பழனாத்தாள் என்று எழுதினேன். மற்றவர்கள் பெயரே தெரியவில்லை.

"அந்த மூணு நாளும் அவங்க ஏன் வரலை?"

"இருக்கிறது ஒத்தை மாடுங்க. அது கறக்கலையோ என்னவோ..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றேன்.

வாயில் புண் வந்த மாடு மேயாது. மேயாத மாடு கறக்காது. கறக்காத மாட்டுக்காரி கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு எதற்கு வருவாள்?

நோய் இல்லாதவர்களை வரிசையாக நிற்கவைத்து, நோய் இருக்கா என்று கேட்டிருக்கிறேன். மூன்று நாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நோயை மறைச்சாங்கன்னு பழனாத்தாளைச் சொசைட்டியில நிக்க வெச்சிருக்காங்க. போ. 'நான் இவங்க வீட்டுக்குப் போகவே இல்லை'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு."

"நீங்க வரலைங்களா?"

"எனக்கு இன்னும் எட்டு கட்டுத்தறி இருக்கு."

நடந்து போனேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். சின்ன வாக்கியம்தான்.

சொசைட்டி வாசலில் முப்பது பேர் இருப்பார்கள். நடுவில் பழனாத்தாள். காலில் செருப்பில்லை.

"உம்மாடு வாய வெச்ச தொட்டியிலதான எங்க மாடும் குடிச்சுது?" என்று ஒரு கிழவர் கத்தினார். "தெரிஞ்சே ஓட்டிட்டு வந்திருக்கிற!"

"சூட்டுப் புண்ணுன்னு நினைச்சனுங்க. வெண்ணெய் தடவிவிட்டேன்."

"வெண்ணெய் தடவுனாளாம்! ஊரையே வழிச்சு எடுத்துட்டு!"

யாரோ சிரித்தார்கள். செக்ரட்டரி தங்கமுத்து கையைத் தூக்கினார்.

"இந்தா பாரும்மா. கணக்கெடுக்க ஆளு வந்தப்பவே சொல்லியிருந்தா ஊசி வந்திருக்கும். கேட்டும் மறைச்சேன்னா இனி உம்பாலும் இங்க வேண்டாம், உம்மாடும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது."

"என்னை ஆருங்க கேட்டா?"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"அதோ, அந்தத் தம்பிதான் நோட்டும் கையுமாப் போச்சு. எங்கூட்டுப் பக்கம் வரவே இல்லீங்க. வேணும்னா கேளுங்க. நீயே சொல்லு சாமி."

எல்லாரும் திரும்பினார்கள்.

"சொல்லுப்பா" என்றார் தங்கமுத்து. "இவ வீட்டுக்குப் போய்க் கேட்டியா, இல்லியா?"

"கேட்டனுங்க" என்றேன்.