கொம்பு விழுந்த மருதன்

காட்டுக் குளத்தங்கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் மருதன் என்ற ஆண்மானின் கொம்புதான் பெரிது. அவன் தலைக்கனம் அதைவிடப் பெரிது!

பெண்மான்கள் தினமும் காலையில் குளக்கரையில் கூடும். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலால் ஓங்கி உதைத்துப் பழகும். குட்டிகளும் கூடவே குதிக்கும். மருதனின் மனைவி செவந்தி அதில் படு கெட்டிக்காரி.

"நீங்களும் வாங்களேன். நாலு உதை கத்துக்கிட்டா நல்லதுதானே?" என்றாள் செவந்தி.

"ஆம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு? நான் பிறக்கும்போதே வீரத்தோட பிறந்தவன்! இந்தக் கொம்பைப் பார்த்தும் எவனாவது கிட்ட வருவானா?"

"அதுதான் வருஷா வருஷம் விழுதே! அப்போ?"

"விழும்போது பார்த்துக்கலாம், போ!"

மற்ற ஆண்மான்களும் சேர்ந்து சிரித்தன. அவை செய்யும் கூத்து ஒன்று உண்டு. கொம்பு விழுந்துவிட்டால் மூச்சுவிடாமல் புதருக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். புதுக் கொம்பு முளைத்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். கேட்டால் வெட்கமாம்! பயம் என்று மட்டும் ஒன்றுகூட ஒப்புக்கொள்ளாது.

ஒருநாள் மருதன் நாவல் மரத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பொத்தென்று ஒரு கொம்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றதும் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஈச்சம்புதருக்குள் நழுவினான்.

அவன் மகள் பொட்டு அதைப் பார்த்துவிட்டாள். இன்னும் பால்குடி மறக்காத குட்டி அவள். "அப்பா! எங்கே போறீங்க?" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

"உஷ்! கத்தாதே!"

ஆனால் அவள் குரல் ஒரு நரியின் காதில் விழுந்துவிட்டது. அது புதருக்குள் நிதானமாக நுழைந்தது. பார்வை முழுவதும் பொட்டுவின் மேல்தான்.

"மருதண்ணே, குட்டியை விட்டுட்டு நீங்க கிளம்புங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

மருதனுக்கு ரத்தம் கொதித்தது. "என் பிள்ளையைத் தொட்டுப் பாருடா!" என்று தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். பழக்கதோஷம்! நரி சுலபமாக விலகி, அவன் காதைக் கடித்துவிட்டுத் தள்ளி நின்றது.

"கொம்பு எங்கேண்ணே? கழட்டி வச்சுட்டு வந்தீங்களா?"

மருதன் பொட்டுவை மறைத்து நின்றான். ஓடினால் அவன் தப்பிவிடலாம். பொட்டுவால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவான்?

"அப்பா! தலையைக் குனியாதீங்க! அம்மா மாதிரி எழுந்து நில்லுங்க! முன்னங்கால், முன்னங்கால்!" என்று அலறினாள் பொட்டு.

மருதன் எழுந்தான். தடுமாறினான். முதல் உதை காற்றில் போனது. அடுத்தது மண்ணில் விழுந்தது. நரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பிளந்து சிரித்தது. மருதன் மறுபடியும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். அது நேராக அந்த வாயிலேயே விழுந்தது!

"ஐயோ, என் பல்லு!"

அதற்குள் அலறல் கேட்டுச் செவந்தி பாய்ந்து வந்தாள். அவள் உதை எதுவும் வீண்போகவில்லை. நரி விட்டால் போதும் என்று ஓடியே போய்விட்டது.

அப்பாடா! பொட்டுவின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. மருதன் அவளைத் தலை முதல் வால் வரை நக்கிக்கொண்டே அழுதான்.

"ஏதோ குருட்டாம்போக்குல பட்டுச்சு. அது சிரிக்காம இருந்திருந்தா?" என்றாள் செவந்தி.

மறுநாள் காலையில் அவன் மொட்டைத் தலையோடு எல்லோர் முன்னாலும் குளக்கரைக்கு வந்தான். குட்டிகளின் வரிசையில் போய் நின்றான்.

"டேய் மருதா! பொம்பளைங்களோட சேர்ந்து குதிக்கப் போறியா?" என்று கத்தியது ஒரு ஆண்மான். மற்றவை சிரித்தன.

"சிரிங்கடா! நேத்து நரியும் இப்படித்தான் சிரிச்சுது. எனக்கு ஒரு உதைகூட ஒழுங்கா தெரியலை. என் பிள்ளை பிழைச்சதே பெரிசு. உங்க பிள்ளைக்கும் அந்த நிலைமை வரணுமா?"

சிரிப்பு அடங்கியது. முதலில் கத்திய ஆண்மானே மெல்ல நடந்து வந்து மருதன் பக்கத்தில் நின்றது. அதன் கொம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ஆணாகப் பிறந்துவிட்டதே பாதுகாப்பு ஆகிவிடாது. தன்னையும் தன்னை நம்பியவர்களையும் காக்க ஆணும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.