வாயில்லாத பெட்டி பாடிய பாட்டு

அத்திக்காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. கூடு நிறையக் குஞ்சுகள். எல்லாம் பசி பொறுக்காதவை. நல்லவேளை, கரிச்சான் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தது. விடிந்ததும் பாடும். கேட்ட விலங்குகள் ஆளுக்கொரு பழம் வைத்துவிட்டுப் போகும்.

காட்டுச் சட்டமும் அதன் பக்கம்தான்: "ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் வாயால் பாடக் கூடாது!"

அங்கே வக்கணை என்றொரு குரங்குத் தலைவன். உழைப்பு என்றாலே அதற்கு உடம்பு வலிக்கும். சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன பெட்டி ஒன்று அதன் கையில் சிக்கியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கேட்ட சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சையை அழுத்தினால் அப்படியே திருப்பிப் பாடும். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இந்தக் குரங்கோ மாலையைப் பிய்க்கவில்லை, கடையே விரித்துவிட்டது!

கரிச்சானின் பாட்டைப் பிடித்து ஆற்றங்கரையில் நாள் முழுக்க ஓடவிட்டது. அப்புறம் விடியலுக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? பழமெல்லாம் வக்கணையிடம் குவிந்தது. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாவம், கரிச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே நீதிபதி கரடியிடம் பறந்தது. "ஐயா, இந்தக் குரங்கு என் பாட்டைத் திருடிவிட்டது!"

"நானா? நான் வாயையே திறக்கவில்லையே!" என்றது வக்கணை. "பாடியது பெட்டி. பெட்டிக்கு வாய் எங்கே, காட்டச் சொல்லுங்கள்!"

கரடி பெட்டியைப் புரட்டிப் பார்த்தது. முகர்ந்தும் பார்த்தது. வாயைக் காணோம். தலையைச் சொறிந்துகொண்டே வழக்கைத் தள்ளிவிட்டது.

கரிச்சானுக்கு ஆத்திரம் பொங்கியது. 'இரு, உனக்கு வைக்கிறேன்!' என்று கறுவியது.

வக்கணை தினமும் வயிறு முட்ட நல்ல பழமாக விழுங்கிவிட்டு, சொத்தையைத் தின்னத்தான் தன் கூட்டத்தைக் கூப்பிடும். "வாங்கடா, தின்னுங்கடா!" என்ற அந்தக் குரல் கேட்காமல் ஒரு குரங்கும் பழத்தைத் தொடாது. அன்று அது கூப்பிட்டபோது கரிச்சான் பின்னாலிருந்து சிவப்புப் பொத்தானைக் கொத்தியது. மறுநாள் விடிந்ததும், பெட்டியைத் தொடுமுன் வக்கணை பழக்குவியலை விட்டுவிட்டுக் குளிக்கப் போனது. உடனே கரிச்சான் பச்சையைக் கொத்தியது.

"வாங்கடா, தின்னுங்கடா!"

வக்கணை முங்கி எழுவதற்குள் ஒரு காம்புகூட மிஞ்சவில்லை.

ஈரம் சொட்டச் சொட்டக் கரடியிடம் ஓடியது. "ஐயா, என் குரலைத் திருடிவிட்டார்கள்!"

"யார் வாயால்?" என்று கேட்டது கரடி.

"வாயாவது, மூக்காவது! எதை வைத்து எடுத்தாலும் திருட்டு திருட்டுதான்! சட்டத்தை மாற்றுங்கள்! பழைய திருட்டுக்கும் சேர்த்து மாற்றுங்கள்!"

"பேஷ், மாற்றியாயிற்று!" என்றது கரடி. "முந்தி வந்தது கரிச்சானின் வழக்கு. குஞ்சுகள் பறக்கும்வரை நீயே அவற்றுக்கு இரை தேடிக் கொடு, போ! கரிச்சானுக்கும் தண்டனை உண்டு. நீ வேலை செய்யும்போது அலுப்புத் தெரியாமல் இருக்க, அது உனக்கு இலவசமாகப் பாட வேண்டும்!"

பிறர் உழைப்பைத் திருடச் சட்டத்தில் ஓட்டை தேடுகிறவன், தன் பொருள் போகும்போது அதே ஓட்டையை அடைக்கச் சொல்லி அலறுவான்.