பழைய தொட்டியும் ஏழு நாளும்

முடிவில் உங்களை ஒன்று கேட்பேன். பதில் சொல்லும் அவசரத்தில் யாரையும் கெட்டவராக்கிவிடாதீர்கள். கெட்டவர் எவரும் இந்தக் கதையில் இல்லை.

பம்மலில் ஸ்டெல்லா என்றொரு பெண். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். அவள் கணவர் சவரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் மூன்று வருடமாகிறது. பகல் முழுக்க அவருக்குத் துணை கண்ணாடித் தொட்டியில் இருந்த, உள்ளங்கை அளவு ஆஸ்கார் மீன் ஒன்று. அவர் முகத்தைத் தொட்டியருகே கொண்டுபோனால் அதுவும் எதிரே வந்து நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை தொட்டியின் அடி ஒட்டு விட்டுப்போய்க் கூடமெல்லாம் தண்ணீர். மாடியில் குடியிருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் காஜா மொய்தீன் ஓடிவந்து, துணி ஊறவைக்கும் டப்பில் மீனை விட்டார்.

புதுத் தொட்டி வாங்க ஸ்டெல்லாவுக்கு வசதியில்லை. மறுநாள் லீவு போட்டுப் போனதில் பல்லாவரம் சந்தையில் பழைய தொட்டி ஒன்று அளவாக அமைந்தது.

"இதுக்குள்ள முன்னாடி என்ன வெச்சிருந்தாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"மூடிப்போன லேப்ல இருந்து வந்த சாமான்மா. என்ன வெச்சிருந்தாங்கன்னு எனக்கே தெரியாது. நல்லா கழுவிக்கோங்க."

உப்பும் வினிகரும் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். கண்ணாடி பளபளத்தது. மூலைகளில் மட்டும் ஏதோ மருந்து வாடை போகாமல் நின்றது.

மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தன் அமல்ராஜ் அன்று மாலை வந்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணி, கண்ணாடியில பிரச்சினை இல்ல. ஓரத்துல கண்ணாடிய ஒட்டின பேஸ்ட்தான், அது ரப்பர் மாதிரி. மருந்தைக் குடிச்சு வெச்சுக்கும், கொஞ்சங்கொஞ்சமா தண்ணியில விடும். அதை அறுத்தெடுத்துட்டுப் புதுசா ஒட்டணும். காய ஒரு வாரம் ஆகும். அப்பவும், என்ன மருந்துன்னு தெரியாததால நான் உறுதி சொல்லமாட்டேன்."

"அதுவரைக்கும் மீனு?"

"டப்லயே இருக்கட்டும். தினம் பாதித் தண்ணி மாத்துங்க."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

மாற்றுவது யார்? குழாயில் தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு மட்டும்தான். அப்போது ஸ்டெல்லா மிஷினில் இருப்பாள், காஜா மொய்தீன் ஆட்டோவில் இருப்பார். சவரிமுத்துவால் குடம் தூக்க முடியாது.

சனிக்கிழமை காஜா மொய்தீன் தான் வளர்க்கும் கப்பி மீன்களில் ஐந்தைக் கொண்டுவந்து, சந்தையில் வாங்கிய தொட்டியில் விட்டார். "ரெண்டு நாள் பாப்போம்க்கா. இதுங்க பொழச்சா அதுவும் பொழைக்கும்."

திங்கட்கிழமை விடியும்போது ஐந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீர் மாற்றாமல் கலங்கிய டப்பில் ஆஸ்கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"விட்டுடட்டுமா?" என்று கணவரைக் கேட்டாள் ஸ்டெல்லா.

அவர் தலையை அசைத்தார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, அவளுக்குப் புரியவில்லை. கப்பிகளை எடுத்துவிட்டு ஆஸ்காரை விட்டாள்.

நான்கு நாள் நன்றாக நீந்தியது. ஐந்தாம் நாள் இரை எடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை அடியில் கிடந்தது. அதைக் காகிதத்தில் சுற்றும்போதே வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கணவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காரக்கூட முடியாமல் அவள் ஓடினாள்.

பொறுத்திருக்கச் சொன்னவர் அமல்ராஜ். சோதித்துப் பார்த்தவர் காஜா மொய்தீன். எடுத்து விட்டவள் ஸ்டெல்லா. இதில் யார் செய்தது சரி?

என் விடை இது: சொன்னதில் சரி அமல்ராஜ்தான். மெல்லக் கசியும் மருந்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போதாது. உள்ளே என்ன இருந்ததென்று தெரியாத தொட்டியில் உயிரை விடக்கூடாது. ஆனால் நான் கேட்டது யார் சொன்னது என்றல்ல, யார் செய்தது என்று. ஏழு நாள் பொறு என்றவர் ஒரே ஒரு நாள் வந்து தண்ணீர் மாற்றியிருந்தால் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். மற்ற இருவரும் தெரிந்தவரை செய்தார்கள், தெரிந்தது போதவில்லை; ஆகவே செய்தது சரி என்று ஒருவர் பெயரையும் சொல்லமாட்டேன். ஸ்டெல்லா என்னிடம், "வேற என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்க" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.