சொல் முடிந்த பிறகு

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பழைய துறவு மடம் ஒன்று இருந்தது. அங்கே பாடகர் குழுவை நடத்தியவர் தந்தை அன்ஸ்கார். அவரிடம் பாட்டுக் கற்க வந்த உல்ரிக் அவரைவிட வயதில் மூத்தவர். ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர். மகனை அந்த ஆறே கொண்டுபோன பிறகு மடத்தில் வந்து சேர்ந்தார்.

முதல் ஞாயிறே ஒரு தவறு செய்தார். எல்லோரும் ‘அல்லேலூயா’ பாடினார்கள். சொல் முடிந்ததும் உல்ரிக் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசி ‘ஆ’ மட்டும் ஏறியது, இறங்கியது, தயங்கியது, மறுபடி ஏறியது. வாத்தியம் இல்லை. அத்தனை குரல்களும் ஒரே குரலாகப் போய்க்கொண்டிருந்தன.

“படகுக்காரருக்குக் கரை சீக்கிரம் வந்துவிட்டது” என்றார் பக்கத்தில் நின்ற சகோதரர் போசோ.

உல்ரிக் பிறகு அன்ஸ்காரிடம் கேட்டார். “தாளமே இல்லையே, தந்தையே. இதற்குத் துடுப்புப் போட முடியாது.”

“மூச்சு விடத் தெரிந்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள், பாட்டு அறுந்துவிடும்.”

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் அல்லேலூயா பாடுவதில்லை. ஈஸ்டர் எனும் உயிர்ப்பு ஞாயிறு காலையில்தான் மீண்டும் எடுப்பார்கள். அதற்கு முந்தின நாள் உல்ரிக் தம் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அன்ஸ்காரிடம் வந்து நின்றார்.

“நான் போகிறேன், தந்தையே.”

“எங்கே?”

“தெரியவில்லை. நாளைக்கு அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியாது.”

“கடினமான சொல் இல்லையே.”

“கடவுளைப் புகழுங்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? என் பிள்ளையின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. எதற்காகப் புகழ்வது? வாயால் மட்டும் சொன்னால் அது பொய். பொய் சொல்லிக்கொண்டு இங்கே சாப்பிட மாட்டேன்.”

அன்ஸ்கார் அந்தப் போர்வையை வாங்கிக் கீழே வைத்தார்.

“சொல்ல வேண்டாம்” என்றார். “சொல்லை நாங்கள் பாடிக்கொள்கிறோம். சொல் முடிந்த பிறகு வந்து சேருங்கள்.”

“அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? வெறும் ‘ஆ’தானே?”

“ஆமாம். வெறும் ‘ஆ’தான்.”

மறுநாள் காலை குழு பாடத் தொடங்கியது. உல்ரிக் உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றார். கடைசி அசை வந்ததும் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. மெட்டு ஏறிய இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. மகனைத் தேடி ஆற்றங்கரையில் நின்ற அன்றுகூட அவரிடமிருந்து வராத சத்தம் அது. மூச்சு அறுந்து அவர் நின்றபோது போசோவின் குரல் போய்க்கொண்டிருந்தது. மூச்சு திரும்பியதும் அதிலேயே மறுபடி சேர்ந்துகொண்டார்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். உல்ரிக் மட்டும் அன்ஸ்கார் முன் தலைகுனிந்து நின்றார்.

“மன்னித்துவிடுங்கள், தந்தையே. பாட்டைக் கெடுத்துவிட்டேன். நான் பாடவில்லை. அழுதேன்.”

“அழுதீர்களா?” என்றார் அன்ஸ்கார். “எனக்குப் பாட்டுதான் கேட்டது. எந்த இடத்தில்?”