காற்றுக் குகையும் கட்டியக்காரனும்

மருதவனத்து ராஜா திருமலைநம்பிக்குப் புதுசாக எதைப் பார்த்தாலும் ஆசை. அந்த ஆசையை நம்பித்தான் அவர் சபையிலிருந்த கூத்தபிரான் மாட்டிக்கொண்டார். அரண்மனைக்குப் பின்னாலிருந்த பாறைக் குகையில் பெரிய துருத்திகளால் காற்றை அடைத்துவைக்க வேண்டியது. வேண்டும்போது திறந்துவிட்டால் அது சக்கரத்தைச் சுற்றி ஊர்க்குளத்துக்குத் தண்ணீர் இறைக்கும். இது அவர் சொன்ன யோசனை. யோசனை பலித்தது. கணக்குதான் உதைத்தது.

துருத்தியை மிதிக்கப் பத்து மாடு. திரும்பக் கிடைத்ததோ ஐந்து மாட்டு வேலை. அமுக்க அமுக்கக் காற்று சூடாகி, அந்தச் சூடெல்லாம் பாறையோடு போய்விடுகிறது. கருவூல அதிகாரி வாணராயருக்குக் கொண்டாட்டம். மாட்டை நேராகக் கிணற்றில் பூட்டி இறைத்திருந்தால் வைக்கோலாவது மிஞ்சியிருக்குமே என்று சபையில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "மாடும் கூடாது, கூலியாளும் கூடாது. பௌர்ணமிக்குள் குகையை நிரப்பிக் காட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டே போய்விடும்" என்றார் கூத்தபிரானிடம்.

வீட்டில் மனைவி கனகவல்லி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். கூத்தபிரான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது?

மறுநாள் சபை கூடியது. கட்டியக்காரன் ராஜாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக முழங்கினான். ஒவ்வொரு பட்டத்துக்கும் சபையே எழுந்து, கும்பிட்டு, உட்கார வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். பட்டங்கள் முடிவதற்குள் கூத்தபிரானுக்கு முட்டி கழன்றது. வலியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டவர் அப்படியே சிரித்துவிட்டார்.

சபையோருக்குப் புது மெத்தைகள் போட அன்றே அனுமதி வாங்கினார். தடித்த தோல் மெத்தைகள். எல்லாவற்றிலும் பெரியது வாணராயருக்கு. அவரும் பெருமையாக உட்கார்ந்துகொண்டார்.

பௌர்ணமி வந்தது. குகையைத் திறந்தார்கள். சக்கரம் சுழன்றது. குளத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்கேயோ மாட்டை ஒளித்து வைத்திருக்கிறார் என்று வாணராயர் குதித்தார்.

"துருத்தியை மிதித்தது யார்?" என்று ராஜா கேட்டார்.

"யாரும் மிதிக்கவில்லை அரசே, உட்கார்ந்தார்கள். மெத்தைகள்தான் துருத்தி. தரைக்கடியில் குகை வரைக்கும் குழாய் போகிறது. பாதி வீணானாலும் கவலையில்லை, இவர்களுக்குச் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இத்தனை வருஷமாக எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் நாட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைத்தது இப்போதுதான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வாணராயர் மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். என்ன பரிசு வேண்டும், தயங்காமல் கேளும் என்றார் ராஜா.

"கோடை வருகிறது அரசே" என்றார் கூத்தபிரான். "தாங்கள் இன்னும் நாலு பட்டம் சூட்டிக்கொண்டால் போதும்."